வீட்டு வாசல் தார்

"புது ரோட்டைப் போய் ஓட்டை போட்டு வெச்சிருக்கியே... உனக்கு அறிவு இருக்குதா?"

சேறு சொட்டச் சொட்ட எழுந்து நின்றாள் அன்புக்கரசி. ராஜகிரி மலையில் மேகம் இறங்கித் தூறிக்கொண்டிருந்தது. செஞ்சி மெடிக்கலில் வேலை முடித்து சிங்கவரம் திரும்புகிறவளை, குளத்து வளைவில் ஒரு பள்ளம் ஸ்கூட்டியோடு கவிழ்த்துவிட்டது. எதிரே தாரை வட்டமாய்த் துளைக்கும் மிஷினோடு ஒருவன். கோபம் வேறு யார்மேல் வருமாம்?

அவன் ஓடிவந்து வண்டியை நிமிர்த்தினான். "என் ஓட்டையை நான் அப்பவே அடைச்சிட்டேங்க. நீங்க வுழுந்தது ரோடு தானாப் போட்டுக்கின ஓட்டை."

சிரித்தானா? சிரித்தேவிட்டான்! இமையில் மழைத்துளி நிற்க, அந்தக் கண்கள்... சீ, திட்டுகிற நேரத்தில் கண்ணையா பார்ப்பது!

பெயர் வளவன். அவலூர்பேட்டைக்காரன். சென்னையில் பொருளாதார ஆராய்ச்சி செய்கிறான்.

"லஞ்சம் வாங்குனியான்னு கேட்டா எவன் ஒத்துப்பான்? அதான் ரோட்டையே வெட்டிப் பாக்கறோம். பில்லுல எழுதின கனம் எவ்ளோ, ரோட்டுல இருக்கிறது எவ்ளோ... நடுவுல காணாமப் போனதை அளக்கறதுதான் என் வேலை."

வெட்டியெடுத்த துண்டை நீட்டினான். நாலு விரல் கனம் இருக்கவேண்டிய தார், ரெண்டு விரல்தான் இருந்தது.

"இந்த ரோடு போட்ட கான்ட்ராக்டர் யாரு தெரியுமா? தனகோட்டி. எங்க நைனா!"

அவன் முகத்திலிருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"ஒரு எடத்துல வெட்டிட்டு எங்க நைனாவைத் திருடன்னுவியா? இந்த ரோடு எங்க வீட்டு வாசல்லதான் முடியுது. அங்க வந்து வெட்டு... அப்பத் தெரியும் அவரு யாருன்னு!"

ஆமாம், திமிர்தான். தாயில்லாத பெண்ணைத் தலைவாரிப் பின்னிப் பள்ளிக்கு அனுப்பிய அப்பா அவர். சும்மா விடுவாளா?

அதற்குப் பிறகும் அவன் அந்த ரோட்டிலேயேதான் இருந்தான். சாயங்காலமானால் ஸ்கூட்டி வேகம் குறையும்.

"இன்னா எலி சார், தோண்டி முடியலையா?"

"உங்க வாசல் பாக்கி இருக்குதே..."

ஹெல்மெட் இருந்ததால் அவள் சிரிப்பு தப்பித்தது.

சனிக்கிழமை வந்தான். நைனா வெளியூர் போயிருந்தார். வாசலில் மிஷின் இறங்கி, துண்டு வெளியே வந்தது. நாலு விரலுக்கும் மேல்! கருகருவென்று, கல் மாதிரி.

"பாத்தியா!" என்று குதித்தாள்.

வளவன் குதிக்கவில்லை. மெதுவாகச் சொன்னான். "அப்ப... அவருக்கு நல்ல ரோடு போடத் தெரியும் அரசி."

ஒரு கணம் புரியவில்லை. துண்டை இன்னொரு முறை பார்த்ததும்தான் உறைத்தது. தெரியாமல் நடந்த தப்பில்லை. தன் வாசலுக்கு முழுசாகப் போட்டவர், ஊர் நடக்கிற வழிக்குப் பாதிதான் போட்டிருக்கிறார். அதை நிரூபிக்க அவனை வருந்தி அழைத்தவளே அவள்தான்!

நைனா திரும்பியதும் வெடித்தாள். அவர் சட்டையைக் கழற்றியபடி சொன்னார். "மேலேர்ந்து கீழ வரைக்கும் ஆளாளுக்குக் கமிஷன் கேக்கறானுங்க. நான் எங்கேர்ந்து போடறது?"

"நம்ம வாசலுக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு நைனா?"

அவர் சட்டையைக் கொடியில் மாட்டப் போனார். அவள் விடவில்லை.

"பால் ஊத்துற செல்லம்மாக்கா குளத்து வளைவுல வுழுந்து இடுப்பொடஞ்சு கெடக்குது. போன வாரம் அவங்களுக்கு நீ ஆரஞ்சுப்பழம் வாங்கினு போய்ப் பாத்துட்டு வந்தியே... வெக்கமா இல்ல?"

"அந்த மிஷின்காரப் பையன்தான உன்னைக் கெடுத்தது? இனிமே அவன்கூடப் பேசினே, இந்த வூட்டுப் படி ஏறாத!"

மறுநாள் நல்ல மழை. குளத்து வளைவில் வளவன் மிஷினை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"எங்க நைனா பேரைப் போட்டு எழுது."

"ஆராய்ச்சியில பேர் வராது அரசி. எத்தனையோ ரோட்டுல இது ஒரு புள்ளி."

"புள்ளியா? ஒரு பொம்பளை எழுந்து நடக்க முடியாமக் கெடக்குது, உனக்குப் புள்ளியா?" கண்ணீரும் மழையும் கலந்து வழிந்தன. "வளைவுல எடுத்தது, எங்க வாசல்ல எடுத்தது... அந்த ரெண்டு துண்டையும் குடு. கிராம சபையில வெச்சு நானே சொல்றேன். ரோட்டைத் திரும்பப் போடற வரைக்கும் விடமாட்டேன்."

"வீட்ல சேக்கமாட்டாரே..."

"தெரியும்."

"தனியாவா நிக்கப்போற? நானும் வரேன்."

"நீ எதுக்கு? அளந்தாச்சு இல்ல... கெளம்பு!"

அவன் தலைகுனிந்தான். "அளந்து எப்பவோ முடிஞ்சிபோச்சு. இந்த ரோட்டுக்கு மூணு துளை போதும். மீதியெல்லாம்... நீ வர்ற நேரம் இங்க நிக்கறதுக்காகப் போட்டது."

அழுகைக்கு நடுவே அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். "ஊரு ரோட்டை உன் ஆசைக்குத் தோண்டினியா? அப்ப நீயும் ஊழல்காரன்தான்!"

"ஆமா. சபையில அதையும் சொல்லிடு."

"சொல்லத்தான் போறேன்..." துண்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டாள். "நீ எங்க அளந்து முடிச்சிட்டுப் போயிடுவியோன்னு தெனம் நான் பயந்துகிட்டு இருந்ததையும் சேத்துத்தான் சொல்லப்போறேன்!"