கவிழ்த்த தட்டில் உப்பு

காலை 9.40.

குற்றாலத்தில் குளித்த ஈரத்தலையோடு வீட்டுக்குள் நுழைந்த ரஹ்மத், பீரோவைப் பார்த்ததும் போட்ட கூச்சலில் தென்காசியின் அந்தத் தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. மகள் மிஸ்ரியாவின் கல்யாணத்துக்காகக் கணவர் துபாயிலிருந்து வருடக்கணக்காகச் சேர்த்த முப்பத்திரண்டு பவுன் நகையும் போயிருந்தது.

10.15. எஸ்.ஐ. ஜுஹைனா வந்தார். கடையநல்லூர்க்காரர். அதிகம் பேசமாட்டார், கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் இடத்தை விட்டு நகரவும் மாட்டார்.

வாசல் பூட்டு உடையவில்லை. பின்கதவில் உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. சமையலறையில் சோற்றுப் பானை காலி. கழுவிய எவர்சில்வர் தட்டு ஒன்று தரையில் கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் நாலைந்து கல் உப்பு.

"முடிஞ்சது சோலி" என்றார் நம்பிராஜன். அதே தெருக்காரர், ஓய்வுபெற்ற ஏட்டு. ஓய்வுபெற்றது உடம்புதான்; வாய் இன்னும் டூட்டியில்தான் இருந்தது. "இது சுடலைமாடன் கைவரிசை மேடம். பூட்டை உடைக்காமத் திறப்பான். இருக்குத சோத்தைத் திம்பான். தட்டைக் கழுவிக் கவுத்தி, மேல உப்பு வைப்பான். தொண்ணூத்தொம்பதுல அவனைப் பிடிச்சதே நாந்தான். இந்தா நிக்கானே எம்மவன் பிரபு, சின்னதுல இந்தக் கதையைச் சொன்னாத்தான் சோத்துக்கு வாயைத் திறப்பான்."

மணிகண்டபிரபு கூச்சத்தோடு சிரித்தான். ரஹ்மத் குடும்பத்தைக் காலையில் அருவிக்கு அழைத்துப்போனது அவனுடைய வேன்தான்.

"சுடலைமாடனால இப்ப நடக்கவே முடியாதாமே அண்ணாச்சி?" என்றார் ஜுஹைனா.

"மவன் இருக்காம்லா, முத்துகுமரன்! எலக்ட்ரீசியன். போன வாரம் இதே வீட்ல பேன் மாட்டிட்டுப் போயிருக்கான். அப்பன் புத்தி எங்க போவும்?"

தெருவே தலையாட்டியது. தெருவுக்கு என்ன, தலையாட்டக் காசா பணமா?

ஜுஹைனா ரஹ்மத் பக்கம் திரும்பினார். "வீட்டுச் சாவி எங்க இருந்துச்சு?"

"என் பையிலதாம்மா, பீரோ சாவியோட ஒரே கொத்துல. அருவிக்குள்ளயா கொண்டுபோவ முடியும்? போன், வாட்ச், சாவி எல்லாத்தையும் வேன்ல வெச்சுட்டுத்தான் குளிக்கப் போனோம். திரும்பி வந்தப்ப அப்படியே இருந்துச்சு."

"நீ வேனை விட்டு எங்கயும் போனியா பிரபு?"

"இல்ல மேடம். நிறுத்தின எடத்துல வண்டி ரெண்டு மணி நேரம் அசையல. பொம்பளைங்க வரிசை அம்புட்டு நீளம்."

11.30. ஸ்டேஷன் பெஞ்சில் முத்துகுமரன் உட்கார்ந்திருந்தான். சார்ஜாவில் அவனுக்கு வேலை உறுதியாகியிருந்தது. போலீஸ் சான்றுக்கான விசாரணை அறிக்கை அன்று மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். அந்தப் படிவம் ஜுஹைனாவின் மேசையில்தான் கிடந்தது. வழக்கில் பேர் ஏறினால் விசாவும் போச்சு, வாழ்க்கையும் போச்சு.

"காலையில எங்க இருந்தே?"

"இலத்தூர்ல, வீட்ல மேடம்."

"பாத்தது யாரு?"

"அப்பா, அம்மா." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான். அந்த அப்பாவின் சாட்சியை யார் எடுத்துக்கொள்வார்கள் என்று அவனுக்கே தெரியும்.

12.10. தொண்ணூற்றொன்பதாம் வருட வழக்குக் கட்டை எடுக்கச் சொன்னார் ஜுஹைனா. தூசியோடு வந்தது. சுடலைமாடனின் மூன்று வழக்குகளும் நம்பிராஜனின் உருண்டைக் கையெழுத்திலேயே இருந்தன. இரண்டு முறை படித்தார். பிறகு ஜீப்பை இலத்தூருக்கு விடச் சொன்னார்.

12.50. கட்டிலில் கால் நீட்டிக் கிடந்த சுடலைமாடன், போலீஸைக் கண்டதும் பழைய பழக்கத்தில் எழப் பார்த்தார், கால் ஒத்துழைக்கவில்லை.

"திருடப் போன வீட்ல சாப்பிடுவீங்களா?"

"பொய் சொல்லப்படாதும்மா. பசிச்சாத் திம்பேன்."

"தட்டைக் கழுவி வெப்பீங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் மனைவி பார்வதியம்மாள் முந்திக்கொண்டாள். "கழுவிட்டாலும்! இவுக தின்ன தட்டை இத்தனை வருசத்துல ஒரு நாள் கழுவினது கிடையாது. மவனும் அப்படியேதான். அப்பங்கிட்டேருந்து அவனுக்கு வந்த ஒரே கெட்ட பழக்கம் அதுதாம்மா."

"அப்ப உப்பு?"

"உப்பா?" சுடலைமாடன் சிரித்தேவிட்டார். "திருடப் போனவன் உப்பு டப்பாவைத் தேடிக்கிட்டா இருப்பான்? ஆள் வாரதுக்குள்ள ஓட வேண்டாமா?"

ஜுஹைனாவுக்கும் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து முதல் முறையாக.

2.00. 'அடையாளம் சொல்ல வேண்டும்' என்று நம்பிராஜனையும் மகனையும் ஸ்டேஷனுக்கு வரவழைத்திருந்தார். பிரபுவின் வேன் வெளியே நின்றது. பழைய வழக்குக் கட்டை நம்பிராஜன் முன் பிரித்துவைத்தார்.

"நீங்க எழுதினதுதானே அண்ணாச்சி? கழுவின தட்டு, உப்பு, இதுல எங்க இருக்கு, காட்டுங்க."

நம்பிராஜன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினார். 'சோற்றுப் பானை காலியாக இருந்தது' என்பதோடு சரி. மறுபடி முதலிலிருந்து தேடினார்.

"உப்பு... உப்பு நானாச் சேத்தது மேடம்" என்றார் மெதுவாக. "சோறு திங்க அடம் பிடிப்பான். கதைக்கு ஒரு ருசி வேணுமேன்னு... வருசக்கணக்காச் சொல்லிச் சொல்லி, எனக்கே நெசம்னு ஆயிப்போச்சு."

"யாருக்கெல்லாம் சொன்னீங்க?"

"ஸ்டேஷன்ல சொன்னா பைலைப் பாத்தவன் சிரிப்பாம்லா? பிரபுவுக்கு மட்டுந்தான்..."

பாதியில் நின்றார். மகனைத் திரும்பிப் பார்த்தார்.

"நடக்காத ஒண்ணை ஒருத்தன் அப்படியே செஞ்சு காட்டியிருக்கான்" என்றார் ஜுஹைனா. "அது திருடன் மகனுக்குத் தெரியாது, திருடனுக்கே தெரியாது. உங்க கதையைக் கேட்டு வளந்த ஒருத்தனுக்குத்தான் தெரியும். சாவியும் அவன் வேன்லதான் இருந்துச்சு. பூட்டைத் திறந்து, வேலையை முடிச்சு, மறுபடி பூட்டிட்டு, அவங்க குளிச்சு வரதுக்குள்ள சாவியைப் பையில போட்டாச்சு."

"நான் அருவியை விட்டு நகரவே இல்ல!" பிரபு கத்தினான்.

ஜுஹைனா இரண்டு சீட்டுகளை மேசையில் வைத்தார். "அருவிக்கரை வண்டி நிறுத்தத்துச் சீட்டு. உன் வேன்ல இருந்து இப்பத்தான் எடுத்தோம். ஒண்ணு 6.45, இன்னொண்ணு 8.10. நகராத வண்டி ரெண்டாவது தடவை எப்படி உள்ள வந்துச்சு?"

நம்பிராஜன் எழுந்தார். மகன் முன்னால் போய் நின்றார்.

"எங்கலே வெச்சிருக்க?"

"...ஸ்டெப்னிக்கு அடியில. இன்னொரு வேன் வாங்கலாம்னுதான்பா..."

"கதையை ஊட்டினது நாந்தான் மேடம்" என்றார் நம்பிராஜன். "திருடச் சொல்லி ஊட்டல. எழுதுங்க. சாட்சிக் கையெழுத்து நான் போடுதேன்."

3.10. முப்பத்திரண்டு பவுனும் ஸ்டெப்னி டயருக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. ரஹ்மத் நகைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பெஞ்சிலிருந்த முத்துகுமரனிடம் போனாள். "என்னை மன்னிச்சிரு தம்பி. மிஸ்ரியா கல்யாணப் பந்தலுக்கு லைட்டு நீதான் போடணும்."

"சார்ஜா போயிருவேனேக்கா!" என்றான் முத்துகுமரன். ஸ்டேஷனே சிரித்தது.

4.30. வாடகை ஆட்டோவில் வந்து இறங்கியிருந்த சுடலைமாடன், வராந்தாவில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே ஜுஹைனா படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"அப்பா பேரு?"

பள்ளிக்கூடத்திலிருந்து பாஸ்போர்ட் ஆபீஸ் வரை அந்தக் கேள்விக்கு வாய்க்குள் முனகியே பழகியவன் முத்துகுமரன். இன்று நிமிர்ந்து நின்றான்.

"சுடலைமாடன்!"

வராந்தா வரை கேட்டது. அந்த ஸ்டேஷனில் அந்தப் பேரைச் சத்தமாகச் சொன்ன போதெல்லாம் அடிதான் விழுந்திருக்கிறது. கிழவர் தடியை ஊன்றி, வலித்த காலைச் சட்டைசெய்யாமல் எழுந்து நின்றார்.

"இந்தா இருக்கேன்யா!"