உமாசங்கரின் பிளாஸ்டிக் நோட்டு

2014 மார்ச், ஞாயிற்றுக்கிழமை. மெட்டுகுடா ரயில்வே குடியிருப்பு. காலை 8 மணி.

“ஆல்பத்துல இருந்த நோட்டைக் காணோம்! தாயம்மா எடுத்துட்டா!” கரன்ஸி நோட்டு சேகரிக்கும் எதிர்வீட்டுப் பத்ரிநாராயணன் தெருவில் நின்று கத்தினார்.

வீடு பெருக்க வந்த தாயம்மாள் துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். அந்தத் தெருவில் அவளுக்கு ஐந்து வீடு. திருடி என்று பேர் வந்தால் ஐந்தும் போய்விடும்.

ரயில்வே பாதுகாப்புப் படையிலிருந்து ஓய்வுபெற்றிருந்த என் கணவர் ராஜாராமன் மூச்சிரைக்கப் படியிறங்கினார். அவர் உயிரோடு இருந்த கடைசி வருடம் அது.

8.25. பத்ரியின் கூடத்தில் ஏதோ கருகிய வாடை. மேஜைமேல் இஸ்திரிப் பெட்டி. நாற்காலியில், இஸ்திரிக்காரர் அப்துல் ரஹீம் முந்தின நாள் தேய்த்துக் கொடுத்த துணிமூட்டை, முடிச்சு அவிழ்க்காமல்.

நோட்டு பத்ரியுடையதல்ல. அவருடைய ஆபீசர் உமாசங்கரிடம் பார்க்க வாங்கிவந்தது. எங்கோ ஒரு தீவு நாட்டின் பச்சைநிறப் பிளாஸ்டிக் நோட்டு. ஒரு பக்கம் அந்த ஊர்ப் பறவை, மறுபக்கம் அருவி. திரும்ப வாங்கிப்போக உமாசங்கரே அப்போது வந்து சேர்ந்தார்.

“நோட்டு எப்படி இருந்தது சார்?” என்று அவரிடம் கேட்டார் என் கணவர்.

“புதுசு. பர்ஸ்ல வெச்சதால நடுவுல ஒரு மடிப்பு. அவ்வளவுதான்.”

என் கணவர் ஆல்பத்தைப் புரட்டினார். நிஜாம் காலத்து நோட்டில்கூடச் சுருக்கம் இல்லை.

“தாயம்மா, எப்ப வந்தே?”

“எட்டு மணிக்குங்க. உள்ள கால் வைக்கறதுக்குள்ள கத்திட்டாரு.”

“பொய்! போலீஸைக் கூப்பிடுங்க” என்றார் பத்ரி.

“போலீஸ் நக்கோ சார், வேணாம்” என்று அழுதாள் அவள்.

என் கணவர் பத்ரியின் மனைவியிடம் திரும்பினார். “ருக்மிணி, என்னம்மா இந்த வாடை?”

“தெரியலை அண்ணா. நான் இன்னும் அடுப்பே பத்தவைக்கலை.”

8.50. அவர் இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் பச்சையாக ஒரு பிசுக்கு.

“துணியெல்லாம் ரஹீம் தேய்ச்சாச்சு. இதுக்கு இன்னிக்கு என்ன வேலை, பத்ரி சார்? பழைய நோட்டை எல்லாம் தேய்ச்சுத்தானே ஆல்பத்துல வைக்கறீங்க? மடிப்பை எடுக்கணும்னு இதையும் தேய்ச்சீங்க. காகிதம் சூடு தாங்கும். பிளாஸ்டிக் தாங்குமா?”

பத்ரி சட்டைப் பையிலிருந்து எடுத்தார். நோட்டு தீப்பெட்டி அளவுக்குச் சுருண்டிருந்தது. பறவையின் அலகும் வாலும் ஒட்டிக்கிடந்தன.

“உங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு பயந்துட்டேன் சார்” என்றார் உமாசங்கரிடம்.

என் கணவர் களைத்துப்போய் உட்கார்ந்தார். “அவர்கிட்ட அப்புறம் சொல்லலாம். முதல்ல தெருவுல போய்ச் சொல்லுங்க.”

பத்ரி வாசலுக்குப் போனார். “தாயம்மா எடுக்கலை. நான்தான் கெடுத்தேன்” என்று முணுமுணுத்தார்.

தாயம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“கேக்கலை சார். எட்டு மணிக்கு நல்லாக் கேட்டுச்சே.”