இரண்டாவது மஞ்சள் பொட்டு

நண்பகல் 12.10. ஆணியில் சாறி இல்லை.

ஆணி இருந்தது. சாறியை மூடி வைத்த தலையணை உறை இருந்தது. அதில் குத்திய கடதாசியில் ‘தனுஷியா, மாங்கேணி’ என்று ஜக்குலினின் கையெழுத்தும் இருந்தது. ஆறு யார் நீளப் பச்சைச் சாறியைத்தான் காணவில்லை.

ஜக்குலின் கத்தவில்லை. நேரே வாசலுக்குப் போய், கேற்றடியில் வாங்கில் உட்கார்ந்திருந்த தம்பி நெவிலிடம் கேற்றைப் பூட்டச் சொன்னார். பதினொரு மணிக்குப் பிறகு யாரும் வெளியே போனார்களா என்று கேட்டார். ஒரு காகம்கூடப் போகவில்லை என்றான் நெவில். அவன் வாய் சும்மா இருக்காதே தவிர, கண் நல்ல கண். அதை நம்பலாம்.

இடம், புளியந்தீவில் வாவிக்கரையோரம் நெவிலின் தச்சுப் பட்டறை. மாதத்தின் முதல் சனிக்கிழமை அங்கே சீவுளி ஓயும், கயிறு கட்டப்படும், கயிறு நிறையப் பழைய உடுப்புத் தொங்கும். மாத்துச் சந்தை என்று பெயர். துவைத்த உடுப்பொன்று கொண்டுவந்தால் ஒரு பொத்தான் கிடைக்கும். ஒரு பொத்தானுக்கு ஒரு சட்டை, மூன்றுக்கு ஒரு சாறி. ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்று பலகையில் எழுதி மாட்டியிருந்தது.

நடத்துகிறவர் ஜக்குலின். வயது ஐம்பத்திரண்டு, தையல்காரி. இளவயதில் கொழும்புப் பக்கம் ஆடைத் தொழிற்சாலையொன்றில் மணிக்கு எண்பது கொலர் தைத்த கை அவருடையது. மலிவான புதுச்சட்டையைக் கண்டால், இதைத் தைத்த பெட்டை அன்றைக்குச் சாப்பிட்டாளா என்றுதான் முதலில் கேட்பார். ஆளைப் பார்த்தவுடன் இடுப்பளவு சொல்வார். அரை அங்குலம் பிசகாது.

கூட்டம் பத்தரைக்கே கலைந்துவிட்டது. சாறியை ஜக்குலின் கடைசியாகக் கண்டது 11.05க்கு. அதன் பிறகு உள்ளே இருந்தவர்கள் அவரைத் தவிர மூன்று பெண்கள். அந்த மூவரில் ஒருத்திதான் கள்ளி. சந்தேகப்படுவதற்கு மூன்று பேர் என்பது மிகவும் கெட்ட கணக்கு. ஒவ்வொருத்தியும் மற்ற இருவரையும் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். தொடங்கிவிட்டார்கள்.

காலையில் நடந்தது இதுதான்.

8.30. முதலில் வந்தவர் கேதீஸ்வரி. அமிர்தகழியில் வீடு, கச்சேரியில் அரசாங்க வேலை செய்யும் கணவன், நல்ல மனம். மாதாமாதம் வந்து வேலைக்குக் கை கொடுப்பவர். அன்றும் வந்ததும் வராததுமாய்த் தன் நீலப் பருத்திச் சாறியின் முந்தானையை இடுப்பைச் சுற்றி இழுத்துச் சொருகிக்கொண்டு மரச்சீவலைக் கூட்டித் தள்ளினார். பிறகு பையிலிருந்து அந்தப் பச்சைச் சாறியை எடுத்துக் கொடுத்தார். வாங்கி ஒரு நாளும் உடுக்கவில்லை, நிறம் தனக்குப் பொருந்தவில்லை, யாராவது வெட்டி மெத்தை உறையாவது தைக்கட்டும் என்றார்.

10.15. அந்தச் சாறியில் இரண்டு கைகள் ஒரே நேரத்தில் விழுந்தன. ஒன்று காத்தான்குடி ஸாலிஹாவின் கை. மகளுக்குச் சல்வார் தைக்க நினைத்திருந்தார். மற்றது தனுஷியாவின் கை. மாங்கேணி மீன்பிடிக்காரரின் மகள், இருபத்தைந்து வயது. திங்கட்கிழமை ரீச்சராக முதல் நாள். பள்ளிக்குச் சாறிதான் உடுக்க வேண்டும், அவளிடம் ஒன்றுகூட இல்லை. கடையில் சாறி விற்கிற விலைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் ஏலாது. நியமனக் கடிதம் வந்த சந்தோசத்தை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். அதைக் கேட்ட பிறகு ஸாலிஹா முணுமுணுத்துக்கொண்டே கையை எடுத்தார்.

தனுஷியாவிடம் இருந்தது இரண்டு பொத்தான்தான். பின்னேரத்துக்குள் கல்லடியில் மாமி வீட்டிலிருந்து இன்னொரு உடுப்புக் கொண்டுவருவதாகச் சொன்னாள். ஜக்குலின் சம்மதித்து மஞ்சள் தட்டை எடுத்தார்.

இந்த மஞ்சளைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதுச்சீலையை முதல்தரம் உடுக்கும்போது மூலையில் மஞ்சள் வைப்பது தமிழ்ச் சனத்தின் வழக்கம். ஜக்குலின் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கி வீட்டுப் பெண், அவருக்கு அந்தப் பழக்கமில்லை. ஆனால் பிறத்தியாரின் பழசை எடுத்துப்போக வெட்கப்பட்ட பெண்களுக்காக, சந்தையில் யார் எதை எடுத்தாலும் மூலையில் ஒரு பொட்டு வைத்துக் கொடுப்பார். எடுத்தவருக்கு அது புதுசுதானே.

பச்சைச் சாறியின் மூலையில் ஏற்கெனவே மங்கலாக ஒரு பொட்டு இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஜக்குலின் இரண்டாவதை வைத்தார். சாறியோடு வருகிற சட்டைத் துணியும் வெட்டப்பட்டிருந்ததால், பொருத்தமான துணி தேடித் தைத்துத் தருவதாகச் சொல்லி, உள்ளறை ஆணியில் சாறியைக் கொழுவினார்.

உள்ளறை என்பது திரை போட்ட ஒரு மூலை. ஒரு கண்ணாடி, ஒரு யன்னல். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை மூன்று பேரும் மாறி மாறி அங்கே தனியாக நின்றார்கள். தனுஷியா சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு நின்றாள். ஸாலிஹா நீளச் சட்டையொன்று போட்டுப் பார்த்தார். கேதீஸ்வரி இரண்டு பிளவுஸ் போட்டுப் பார்த்து, இரண்டும் இறுக்கம் என்று திருப்பிக் கொடுத்தார்.

12.20. தேடுதல். கயிற்றில் தொங்கியது எல்லாம் உதறப்பட்டது. நெவில் பொலிஷ் போட எடுத்துவைத்த கந்தல் சாக்கும் கவிழ்க்கப்பட்டது. சுவரில் சாத்தியிருந்த பலகைகளை நகர்த்தக் கேதீஸ்வரிதான் முதலில் போனார். வழக்கம்போல் முந்தானையைச் சுற்றிச் சொருகப் பார்த்தார், நுனி எட்டவில்லை. அதை விட்டுவிட்டுப் பலகையைத் தூக்கினார். பலகைக்குப் பின்னால் கறையான்தான் இருந்தது.

அடுத்தது பைகள். ஸாலிஹாவின் பையில் ஒன்றுமில்லை. கேதீஸ்வரியின் பையிலும் இல்லை. தனுஷியாவின் பையை நெவில் மேசையில் கொட்டினான். சோற்றுப் பார்சல், தண்ணீர்ப் போத்தல், பஸ் ரிக்கற், பிளாஸ்ரிக் உறைக்குள் நியமனக் கடிதம். கடிதம் வழுக்கி மரத்தூளில் விழுந்தது. அவள் குனிந்து அதை எடுத்தாள்.

பொருள் பட்டறையில் இல்லை, பையில் இல்லை, கேற்றால் போகவும் இல்லை. அப்படியென்றால் ஆட்களின் உடம்பில்தான் இருக்க வேண்டும். எல்லாருடைய கண்களும் ஒரே இடத்துக்குப் போயின.

“எல்லாரும் என்ட அபாயாவத்தான் பாக்கிறீங்க,” என்றார் ஸாலிஹா. “வா ஜக்குலின், உள்ளுக்க வந்து நீயே பாரு. ஆனா பாத்ததுக்கு மறுகா இவங்க என்ட மூஞ்சியப் பாக்கணும்.”

ஜக்குலின் போய்ப் பார்த்தார். ஒன்றுமில்லை. வெளியே வந்த ஸாலிஹா ஒவ்வொருவரையும் நின்று பார்த்தார். நெவில் தலையைச் சொறிந்தான்.

12.40. நெவிலின் மூளை வேலை செய்யத் தொடங்கியது. அதுதான் ஆபத்து. யன்னலுக்கு வெளியே வாவி. மடித்த சாறி கம்பிக்குள்ளால் போகும். தனுஷியாவின் சனம் தோணிக்காரர். மூன்றாவது பொத்தானுக்கு வழியில்லாத பெண், தோணியில் ஆளை வரச்சொல்லிச் சாறியை நீட்டியிருப்பாள் என்றான். பொலிசுக்குச் சொல்வோம், அவர்கள் கேட்கிற விதத்தில் கேட்பார்கள் என்று கைப்பேசியை எடுத்தான்.

தனுஷியாவின் முகம் செத்துப்போயிற்று. திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டியவளின் பெயர் சனிக்கிழமை பொலிஸ் புத்தகத்தில் ஏறினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கடிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “நான் எடுக்கல்ல” என்று ஒரே தரம் சொன்னாள்.

கேதீஸ்வரி இடையில் வந்தார். பொலிஸ் வேண்டாம், போனது போகட்டும், அந்தப் பிள்ளைக்குத் தானே இன்றைக்குக் கடையில் புதுச்சாறி வாங்கித் தருவதாகச் சொன்னார். நல்ல மனம்தான். ஆனால் முகம் வேர்த்து ஒழுகியது. ஜக்குலின் கதிரையை நகர்த்திக் கொடுத்தார், அவர் உட்காரவில்லை. முகத்தை முந்தானையால் துடைக்காமல் புறங்கையால் துடைத்தார்.

ஜக்குலின் உள்ளறைக்குப் போய் யன்னலைப் பார்த்தார். விளிம்பில் நேற்றைய மரத்தூள் மா சலித்து விட்டதுபோலப் படிந்திருந்தது. ஒரு விரல் பட்ட அடையாளம்கூட இல்லை. பிறகு அங்கேயே நின்று சற்று யோசித்தார். புதுச்சாறியை இரவல் கேட்டால்கூடத் தயங்குகிற காலத்தில், யாரும் கேட்காமலே ஒருத்தி ஏன் வாங்கித் தர வேண்டும்?

1.05. ஜக்குலின் வெளியே வந்து நெவிலின் கைப்பேசியை வாங்கி மேசையில் வைத்தார்.

“தோணியும் வரல்ல, ஒண்டும் வரல்ல. யன்னல் தூள்ல ஒரு கீறும் இல்ல. சாறி இஞ்சதான் இரிக்கி.” கேதீஸ்வரியின் பக்கம் திரும்பினார். “கேதீஸ்வரி, உங்கட முந்தானைய இடுப்பச் சுத்திச் சொருகுங்க, பாப்பம்.”

கேதீஸ்வரி அசையவில்லை.

“காலைல சீவலக் கூட்டக்குள்ள சொருகி இருந்தீங்க. பலகை தூக்கப் போகக்குள்ள எட்டல்ல. அதே சாறி, அதே ஆள். சாறி கட்டையாகாது, இடுப்புப் பெருத்தாத்தான் முந்தானை குறையும். நாலு மணித்தியாலத்தில ஆரும் நாலு அங்குலம் கொழுக்கிறல்ல.”

அபாயாவுக்குள் ஒளிக்கலாம் என்று நினைத்தவர்கள் எல்லாரும், சாறிக்குள் ஒரு சாறியை ஒளிக்கலாம் என்று நினைக்கவே இல்லை. ஸாலிஹா மட்டும் “அல்லாஹ்” என்றார்.

கேதீஸ்வரி தனியாகத் திரைக்குப் பின்னால் போனார். ஐந்து நிமிடம் கழித்து வந்தார். கையில் பச்சைச் சாறி, வேர்வையில் நனைந்து கசங்கிப்போய். மேசையில் வைத்தார்.

“ஏன் எண்டதும் எனக்குப் பாதி தெரியும்,” என்றார் ஜக்குலின். சாறியின் மூலையை விரித்துக் காட்டினார். “ஒரு நாளும் உடுக்காத சாறி எண்டீங்க. நான் வெச்சது ரெண்டாவது பொட்டு. முதலாவது ஆருட? சட்டைத்துணிய வெட்டித் தெச்சது ஆருக்கு?”

கேதீஸ்வரி மரத்தூளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பெயர் நிரோஜினி, கூடப்பிறந்த தங்கச்சி. அவளும் ரீச்சர்தான். இரண்டு வருடத்துக்கு முன் பள்ளிக்கு முதல் நாள் உடுக்க என்று ஆசையாய் வாங்கிய சாறி இது. அந்த ஒரு நாள்தான் உடுத்தாள். மூன்றாம் வாரம் டெங்கு கொண்டுபோயிற்று. எரிக்க மனம் வரவில்லை, வீட்டில் வைத்துப் பார்க்கவும் ஏலவில்லை. இங்கே கொடுத்தால் வெட்டி உறை தைப்பார்கள், கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் என்று நினைத்தார்.

“இந்தப் புள்ள வந்து, திங்கக்கிழமை முதல் நாளுக்கு இததான் உடுக்கப்போறன் எண்டு சிரிச்சிக்கிட்டுச் சொல்லிச்சி,” என்றார். “செத்தவட சீலை. அதே முதல் நாள். இதுக்கும் ஒண்டு நடந்தா நான் எப்பிடித் தாங்குவன்?”

வாயால் சொல்லியிருக்கலாமே என்றார் ஜக்குலின். செத்த வீட்டுச் சீலையைச் சந்தைக்குக் கொண்டுவந்தவள் என்று எல்லாரும் காறித் துப்புவார்களே என்று பயந்ததாகக் கேதீஸ்வரி சொன்னார். பொய் சொல்லவில்லை. துப்பவும் செய்வார்கள்.

நெவில் தொண்டையைச் செருமி, தனுஷியாவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. மேசையருகே வந்து கடிதத்தை வைத்துவிட்டுச் சாறியைத் தொட்டாள், நீவினாள், மடிக்கத் தொடங்கினாள்.

“சுனாமி வரக்குள்ள எனக்கு நாலு வயசு,” என்றாள். “மறுகா மூட்டை மூட்டையா வந்த உடுப்பத்தான் உடுத்தம். அதில செத்த ஆக்கள்ட எது, உயிரோட இரிக்கிற ஆக்கள்ட எது எண்டு ஆரு பாத்த? அத உடுத்துத்தான் வளந்த நான், அத உடுத்துத்தான் படிச்ச. எனக்கு ஒண்டும் ஆகல்ல. திங்கக்கிழமையும் இததான் உடுப்பன். கேட்டா நிரோஜினி ரீச்சர்ட சாறி எண்டு சொல்லுவன்.”

கேதீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தனுஷியா மடிப்பை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“அந்த அக்காட சாறி எனக்கு ஒரு கெடுதலும் செய்யல்ல, அக்கா. என்னயக் கள்ளி எண்டு சொல்லக்குள்ள, உயிரோட நிண்ட நீங்கதான் பாத்துக்கொண்டு நிண்டீங்க.”

ஸாலிஹா போய் யன்னல் பக்கம் திரும்பி நின்றார். நெவில் கேற்றைத் திறந்துவிட்டு, திறந்த கேற்றையே பிடித்துக்கொண்டு நின்றான்.

மேசையில் நியமனக் கடிதம் கிடந்தது. பிளாஸ்ரிக் உறையெங்கும் மரத்தூள். கேதீஸ்வரி அதை இரண்டு கையாலும் எடுத்தார். தன் நீலச் சாறியின் முந்தானையை முன்னால் இழுத்தார். இப்போது எட்டியது. உறையின் ஒரு பக்கத்தைத் துடைத்தார், திருப்பி மறுபக்கத்தையும் துடைத்தார், மூலைகளைத் துடைத்தார். தூள் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

தனுஷியா கையை நீட்டிக்கொண்டு, அவர் தரும்வரை நின்றாள்.