பதினான்காம் விதி

காப்பீட்டு முகவர்களுக்கு எழுத்துத் தேர்வு ஒழிந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. தூத்துக்குடித் தேர்வு மையத்தில் இப்போது சோதிக்கப்படுவது முகவரின் மூளை அல்ல, கேட்பவரின் மூளை. முன்பின் தெரியாத ஒருவரைக் குலுக்கலில் எடுத்து, அவர் நெற்றியில் புரிவுமானியை ஒட்டுவார்கள். வெற்றிலை அளவுப் பட்டை. சொல் காதில் விழுவது வேறு, விளங்குவது வேறு. விளங்கும்போது மூளையில் எழும் மெல்லிய அலையை அது எண்ணாக்கிச் சுவரில் காட்டும். பாலிசியின் ஒவ்வொரு விதிக்கும் எண்பத்தைந்தைத் தொட்டால் உரிமம். மூன்று முறை தவறியவர் ஆயுளுக்கும் காப்பீட்டைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

ஜெசிந்தாவுக்கு இது மூன்றாவது முறை.

பழைய உரிமத்தோடு பதினெட்டு வருடம் மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்குப் பாலிசி போட்டவள். சட்டம் மாறி அந்த உரிமம் செல்லாமல் போனதும் இறால் கம்பெனியில் தோல் உரிக்கப் போனாள். விரல்கள் வெடித்தன, அதைப் பொறுத்துக்கொண்டாள். படகை இழந்தவர்கள் படிவத்தோடு வாசலில் வந்து நிற்க, “உரிமம் இல்லாம நான் பேசக் கூடாது” என்று கதவைச் சாத்துவதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அன்று குலுக்கலில் அவளுக்குப் படகுக் காப்பீடு விழுந்தது. எதிரே அமர்ந்தவர் மணப்பாட்டுப் படகுக்காரர் சூசை மிக்கேல். பதின்மூன்று விதிகளை அவள் தாண்டிவிட்டாள். கடைசியான பதினான்காவதை வாசித்தாள்: “அறிவிப்புக் காலத்தில், நியாயமான முன்னெச்சரிக்கைக்குப் புறம்பான நிலையில் கலன் இருந்திருப்பின் பொறுப்பு விலகும்.”

“புயல் எச்சரிக்கை வந்தா படகைப் பத்திரமாக் கட்டணும்ணே. கட்டலைன்னா இழப்பீடு கிடையாது.”

சுவரில் அறுபத்தொன்று.

“எப்படிக் கட்டுனா பத்திரம்?” என்றார் அவர். “ரெண்டு நங்கூரமா, மூணா? அத யாரு சொல்லுவா?”

ஜெசிந்தா விதியை மறுபடி வாசித்துப் பார்த்தாள். முந்தைய இரு முறையும் இப்படியொரு விதியில்தான் விழுந்தாள். தன் நாக்கில்தான் குறை என்று நம்பியிருந்தாள். பதினெட்டு வருடம் ஒப்பித்த விதி தனக்கே விளங்கியதில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. தேர்வு முடிய நான்கு நிமிடம் மிச்சமிருந்தது.

“அண்ணே, இது எனக்கே தெரியாது” என்றாள். “எத்தனை நங்கூரம்னு இதுல எங்கயும் எழுதல. படகு போனபெறகு கம்பெனிதான் முடிவு பண்ணும். மூணு போட்டிருந்தா நாலு ஏன் போடலன்னு கேக்கலாம். குடுக்க மனசில்லன்னா இந்த விதியக் காட்டுவாங்க.”

அவர் நாற்காலியை முன்னே இழுத்தார். “அப்போ எம் படகுக்கு நடந்தது இதுதானா?”

தொண்ணூற்றெட்டு.

தேர்வதிகாரி வைத்தியலிங்கம் எழுந்துவிட்டார். “இது விளக்கம் இல்ல, அவதூறு. தேர்வை ரத்து பண்றேன்.”

ஜெசிந்தா நாற்காலியை விட்டு எழவில்லை. “கேக்குறவருக்குப் புரியணும்னுதான சார் சட்டம். நான் சொன்னது தப்புன்னா சரியானத நீங்களே அவருக்குச் சொல்லுங்க. மானி அவரு நெத்தியிலதான இருக்கு.”

காத்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வைத்தியலிங்கம் பத்து நிமிடம் விளக்கினார். எண் நாற்பதுக்கு இறங்கியது.

“மொதல்ல புரிஞ்சுது சார்” என்றார் சூசை மிக்கேல். “இப்பதான் கொழம்புது.”

வைத்தியலிங்கம் பட்டையை வாங்கித் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு அந்த விதியை வாய்விட்டுப் படித்தார். இருபத்தொன்பது. இன்னொரு முறை நிதானமாகப் படித்தார். எண் அசையவில்லை. மனிதர் நேர்மையானவர். அவளுடைய உரிமத்தில் கையெழுத்திட்டார்.

மறுநாளே ஜெசிந்தா துறைமுகத்துக்குத் திரும்பினாள். சூசை மிக்கேலின் தள்ளுபடியான மனுவை முதலில் எடுத்தாள். தேர்வதிகாரிக்கே விளங்காத விதியைக் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது என்று தீர்ப்பாயத்தில் வாதாடி வென்றாள். அதே விதியால் மறுக்கப்பட்ட மற்றவர்களுக்கும் பணம் வந்து, அடுத்த மழைக்காலத்துக்குள் நாற்பத்தொரு படகுகள் புதிதாகக் கடலில் இறங்கின. முதல் படகு இறங்கிய அன்று அவள் கழுத்தில் விழுந்த மாலைகளில் முகமே தெரியவில்லை. கம்பெனிகள் வேறு வழியின்றிப் பதினான்காம் விதியை மாற்றி எழுதின: “எச்சரிக்கை வந்தால் இரண்டு நங்கூரம் போடுக.”

அதோடு நிற்கவில்லை. பாலிசிக்கு ஒரு நியாயம், உரிமச் சட்டத்துக்கு ஒரு நியாயமா என்று யாரோ வழக்குப் போட்டார்கள். சட்டம் வகுத்த வாரியத்தின் ஒன்பது உறுப்பினர்களும் நீதிமன்றத்தில் பட்டையை ஒட்டிக்கொண்டு தங்கள் சட்டத்தை வாசிக்கக் கேட்டார்கள். அதிகபட்சம் முப்பத்து நான்கு. ஒன்பது பேரும் அந்தச் சட்டத்தை விளக்கும் தேர்வுக்கு உட்கார வேண்டும் என்று உத்தரவானது. தேர்வதிகாரியாக ஜெசிந்தாவை நியமித்தார்கள்.

வாரியத் தலைவர் முதலில் வந்தார். எதிரே குலுக்கலில் வந்த ஒரு பூ வியாபாரி. தலைவர் அரை மணி நேரம் வியர்க்க வியர்க்க விளக்கியும் எண் ஏறவில்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“இந்தக் கண்றாவிய யாரும்மா எழுதினது?”

ஜெசிந்தா மரியாதையாகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அடியிலிருந்த அவருடைய கையெழுத்தைக் காட்டினாள்.