தட்டில் கிடந்த நுரையீரல்

மதிய வெயிலில் வேன் அந்த வீட்டின் முன்னால் நின்றது. இறந்துபோனவரின் தங்கை வாசலிலேயே காத்திருந்தாள். சாவியை வெறுங்கையால் தொடப் பிடிக்காமல் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாள்.

"நான் உள்ள வரல மேடம். நீங்களே திறந்துக்குங்க."

வேனிலிருந்து இறங்கிய இருவரும் வைரஸ் ஆய்வுக்கூடத்துக்காரர்கள். ஒருவர் டாக்டர். எலிகள் பரப்பும் ரத்தக்கசிவுக் காய்ச்சலை ஆராய்வதிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். மற்றவர் எலி பிடிப்பவர். எந்நேரமும் கையில் கூண்டோடு திரிந்ததால் அவருக்குக் கூண்டு என்றே பெயராகிவிட்டது. பெண்டாட்டிகூட அப்படித்தான் கூப்பிடுவாள்.

அந்த வீட்டில் அண்ணனும் அண்ணியும் ஒருவர் பின் ஒருவராகப் போயிருந்தார்கள். முதலில் காய்ச்சல். பிறகு கண் ரத்தமாய்ச் சிவந்தது. பிறகு ஈறு கசிந்தது. இப்போது வீடு தங்கைக்கு வந்திருக்கிறது. பிள்ளைகளோடு ஒற்றை அறையில் முட்டிக்கொண்டு கிடப்பவள் அவள்.

"சுத்தம் பண்ணிட்டா குடிவரலாமா மேடம்?"

"எலி ஒழியணும்மா. ஒழிஞ்சிட்டா பயமில்ல," என்றார் டாக்டர்.

உடலை மூடும் உடுப்பும் முகமூடியும் போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். அப்படியும் நாற்றம் புகுந்தது. எலி மூத்திரமும் ஊறிப்போன சாக்கும் சேர்ந்த புளித்த நாற்றம். மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு விழுங்கினாலும் போகவில்லை. தரை பிசுபிசுத்து, ஒவ்வொரு அடிக்கும் பூட்ஸ் ஒட்டி ஒட்டி வந்தது. குளியலறை சோப்பில் பல்தடம். பல்துலக்கும் பிரஷ்ஷின் தலையே இல்லை. சர்க்கரை டப்பாவுக்குள் கறுப்புப் புழுக்கைகள் ஈரமாய் மின்னின.

"இத்தனை வருஷத்துல எனக்கே குமட்டுது," என்றார் கூண்டு.

படுக்கையறையில் ஜன்னல் மட்டும் பாதி திறந்திருந்தது. கட்டில்மேல் ரத்தம் காய்ந்து பழுப்பேறிய மெத்தை.

மெத்தை மெல்ல ஏறி இறங்கியது.

தூங்குகிறவர் மார்பைப்போல.

கூண்டு கத்தியால் உறையைக் கிழித்தார். பஞ்சுக்கு நடுவே ஒரு கூடு. முழுக்க மனுஷ முடி. நீளமான, பெண்ணின் முடி. காய்ச்சலில் கொத்துக்கொத்தாய் உதிர்ந்தது. அதற்குள் கண் திறக்காத குஞ்சுகள், தோலுரித்த விரல்களைப்போல் நெளிந்துகொண்டிருந்தன. தாய் எலி ஓடவில்லை. கொழுத்து உட்கார்ந்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

பிறகு இருமியது.

சின்னதாய் இரண்டு இருமல். அப்புறம் பேச்சைத் தொடங்கப் போகிறவர்போல் ஒரு செருமல்.

வாசலிலிருந்து ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றிருந்த தங்கை உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"உள்ள யாரு மேடம்? அண்ணி ஏதாவது சொல்றதுக்கு முன்னாடி இப்படித்தான் செருமுவாங்க."

"சளி பிடிச்ச எலிம்மா," என்று கூண்டு சிரித்தபடி அதன் கழுத்தைப் பிடித்தார். எலி திரும்பி, இரட்டைக் கையுறையையும் துளைத்துக் கட்டைவிரலில் பல்லை இறக்கியது. உதறியும் விடவில்லை. சப்பியது.

டாக்டர்தான் அதன் தாடையை நெம்பிப் பிரித்துக் கூண்டில் போட்டு, காயத்தை மருந்துநீரில் வெகுநேரம் கழுவினார்.

மறுநாள் காலை ஆய்வுக்கூடத்தில், மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டு டாக்டர் அந்த எலியைக் கொன்று அறுத்தார். சோதித்ததில் ரத்தம் முழுக்க வைரஸ். ஆனால் எலிக்கு ஒரு குறையும் இல்லை. இந்தக் காய்ச்சலின் வழக்கமே அதுதான். எலியை அது கொல்லாது. எலி சும்மா சுமக்கும், மூத்திரத்தில் விடும், மனுஷன் சாவான். நுரையீரலை வெட்டி எடுத்துத் தட்டில் வைத்தார். ரோஜா நிறம். துளி சளி இல்லை.

அப்படியானால் இருமியது எது?

மார்பு பிளந்து, காலியாய், பலகையில் குண்டூசிகள் குத்திக் கிடந்தது எலி.

அதன் வாய் திறந்தது.

இரண்டு இருமல். ஒரு செருமல்.

டாக்டர் கையை வெளியே இழுத்து, தொட்டியில் குனிந்து காலையில் குடித்ததையெல்லாம் வாந்தியெடுத்தார். எலியையும் குஞ்சுகளையும் அன்றே எரியுலையில் போட்டுச் சாம்பலாக்கினார். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஓய்வெடுங்கள் என்பார்கள்.

அடுத்த மாதம் கூண்டுக்குக் காய்ச்சல் வந்தது. கண் சிவந்தது. தலையணையில் ரத்தம். டாக்டர் தினமும் தனிமை வார்டின் கண்ணாடிக்கு வெளியே நின்றார். ஒருநாள், "என்னையும் கூண்டுல போட்டுட்டீங்களே மேடம்," என்று அவர் முனகியபோது, பிழைத்துவிடுவார் என்று தோன்றியது. பிழைத்தார்.

அதற்குள் வீட்டைக் கழுவி, மருந்தடித்து, பொந்தெல்லாம் அடைத்திருந்தார்கள். பொறிகள் வெறுமையாகவே கிடந்தன. டாக்டர் நேரில் போய்ப் பார்த்து, குடிவரலாம் என்றார். தங்கை பிள்ளைகளோடு வந்துவிட்டாள். "ஒரு சத்தமும் இல்ல மேடம், நிம்மதியாத் தூங்குறோம்," என்று போனில் சொன்னாள். டாக்டருக்குப் பாரம் இறங்கியது.

கூண்டு வேலைக்குத் திரும்பிய காலை, இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து டீ குடித்தார்கள். ஆள் பாதியாய் இளைத்திருந்தார். முகத்தில் மட்டும் பழைய தெளிவு.

"அந்த வீட்டுக்குக் குடிவந்துட்டாங்களாமே," என்றார்.

"ஆமாண்ணே. எல்லாம் சுத்தமாயிடுச்சு."

கூண்டு அருவருப்போடு உதட்டைச் சுழித்தார்.

"எங்க சுத்தம்? அடுப்புக்குக் கீழ இருக்கிற அலமாரியை இன்னும் துடைக்கவே இல்ல. மூலையில அழுகினது அப்படியே கிடக்கு. புழு நெளியுது. என் நாத்தனாருக்கு என்னைக்குத்தான் சுத்தம் தெரிஞ்சிருக்கு?"

சொல்லிவிட்டு, எதுவும் நடக்காததுபோல் டீயை ஊதிக் குடித்தார்.