பூட்டிய கேட்டும் பால்குடமும்

பவானேஸ்வரியின் பெரியப்பா பாலகிருஷ்ணன், மாரியம்மன் கோயில் தலைவர். கோயில் சின்னதுதான். தலைவர்தான் பெரியவர். திருவிழா ஊர்வலத்தில் மைக்கோடு முன்னால் நடப்பார். "பக்தர்கள் ஒழுங்காக வரவும்" என்று அவர் சொன்னால் ஜாசின் பசார் வரைக்கும் கேட்கும்.

அவர் குடும்பத்துக்கும் அதே தெருவில் இருக்கும் வீராசாமி குடும்பத்துக்கும் ஆகாது. ஏன் ஆகாது?

எல்லோரும் ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்த காலத்தில், அம்மனுக்கு யார் குடை பிடிப்பது என்று இரண்டு வீட்டு அப்பாக்களும் சண்டை போட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் குடை கிழிந்தது. சண்டை போட்டவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ரப்பர் போய் செம்பனை வந்தது. லயம் போய் தாமான் வீடுகள் வந்தன. சண்டையை மட்டும் பிள்ளைகள் பத்திரமாக வைத்திருந்தார்கள். யாரும் புதுக்குடை வாங்கவில்லை. வாங்கினால் யார் பிடிப்பது?

பால்குடம் சுமந்து வருகிறவரிடம் அம்மனே இருப்பதாக நம்பிக்கை. அதனால் வழியிலுள்ள வீட்டார் அவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவார்கள். பெரியப்பா குடும்பத்துக் குடம் வந்தால் மட்டும் வீராசாமி கேட்டைச் சாத்துவார். வீராசாமி குடும்பத்துக் குடம் வந்தால் பெரியப்பா சாத்துவார். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு வீட்டாருக்கும் நல்ல ஒற்றுமை.

இந்த வருடம் பவானிக்கு முதல் பால்குடம். அம்மா கமலவேணி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, "அம்மா நல்லபடியா வீட்டுக்கு வந்தா குடம் எடுக்கிறேன் தாயே" என்று வேண்டியிருந்தாள். அம்மா வந்துவிட்டார். இனி பவானி சொன்னதைச் செய்ய வேண்டும்.

காப்பு கட்டும்போது ரங்கசாமி பூசாரி கேட்டார்: "மீன், கறி கிடையாது. யார் மேலயும் கோபமும் கிடையாது. சரியா?"

எல்லோரும் "சரி" என்றார்கள். பெரியப்பாதான் சத்தமாகச் சொன்னார். அவர் கையிலும் மஞ்சள் கயிறு ஏறியது.

வீட்டுக்குத் திரும்பும்போது பவானி கேட்டாள்: "பெரியப்பா, வீராசாமி மாமா மேல இருக்கிற கோபத்தையும் சேர்த்துத்தானே?"

"அது கோபம் இல்ல. நம்ம குடும்ப வழக்கம்."

"நெத்திலி சம்பலும் நம்ம குடும்ப வழக்கந்தானே. அத மட்டும் ஏன் நிறுத்தினோம்?"

பெரியப்பாவுக்கு அவசரமாக ஒரு போன் வந்தது. போன் அடித்த சத்தம் பவானிக்குக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே கவலை. கோபத்தோடு கொண்டுபோகிற பாலை அம்மன் ஏற்றுக்கொள்ளாவிட்டால்? இது அம்மாவுக்காக வைத்த வேண்டுதல். இதில் ஓட்டை விழக்கூடாது.

திருவிழா அன்று வெயில் கொளுத்தியது. உருமி மேளம் முழங்க, அம்மன் ரதம் பின்னால் வர, பவானி தலையில் குடத்தோடு வெறுங்காலில் நடந்தாள். வீட்டுக்கு வீடு தண்ணீர் ஊற்றினார்கள். கால் குளிர்ந்தது.

வீராசாமி வீடு வந்தது. வீராசாமி கேட்டைக் கிரீச்சென்று சாத்திவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் மஞ்சள் தண்ணீர் வாளியோடு தேவமலர் நின்றாள். வீராசாமியின் மகள், பவானியின் வகுப்புதான்.

பவானி நின்றுவிட்டாள். பின்னால் ஊர்வலமே நின்றது.

"நட, நட," என்றார் பெரியப்பா.

"இங்கயும் தண்ணி ஊத்தட்டும், போறேன்."

"இங்க வேணாம்மா. அடுத்த வீட்டுல ஐஸ் தண்ணியே ஊத்துவாங்க."

பவானி அசையவில்லை. அவளைப் பிடித்து இழுக்கவும் முடியாது. குடம் சுமப்பவரை யாரும் தொடக்கூடாது. அந்த விதியைக் காலையிலிருந்து மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தவரே பெரியப்பாதான்.

"என்னலா ஜாம்? லோரி ஏதும் கவுந்திருச்சா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

தார் ரோடு சுட்டது. பவானிக்கு அழுகை வரும் போலிருந்தது. 'தாயே, உனக்காகத்தான் நிக்கிறேன். நீயும் என்கூட கொஞ்சம் நில்லு' என்று வேண்டிக்கொண்டு, கேட்டைப் பார்த்துப் பேசினாள்.

"மாமா, எனக்கு ஊத்த வேணாம், அம்மனுக்கு ஊத்துங்க. எனக்கு உங்க மேல கோபம் இல்ல. எங்க வீட்டுக் கோபத்தையும் நான் தூக்கிட்டு வரல. தலையில ஏற்கெனவே குடம் இருக்கு."

உருமி நின்றது. முதுகைக் காட்டி நின்ற வீராசாமி திரும்பவில்லை.

"அப்பா," என்றாள் தேவமலர் மெதுவாக, "அம்மன வெயில்ல நிக்க வச்சிருக்கோம்."

வீராசாமி தன் கையைப் பார்த்தார். அங்கேயும் மஞ்சள் கயிறு இருந்தது.

கேட் திறந்தது. அவர் வாளியை வாங்கிக்கொண்டு வந்து, பவானியின் காலடியில் மண்டியிட்டுத் தண்ணீர் ஊற்றினார். நெற்றி தரையில் படக் கும்பிட்டார்.

"தப்பா நெனைக்காத தாயே. எங்கப்பா சாத்தச் சொன்னாரு, சாத்தினேன். ஏன்னு நான் கேட்டதே இல்ல."

எழுந்தார். வாளியில் இன்னும் தண்ணீர் இருந்தது. பெரியப்பாவைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்களும் காப்பு கட்டியிருக்கீங்க. செருப்பக் கழட்டுங்க."

மற்றவர்களுக்கெல்லாம் வெறுங்கால். தலைவருக்கு மட்டும் தோல் செருப்பு. பெரியப்பா ரதத்தைத் திரும்பிப் பார்த்தார். அம்மன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இரண்டு கைகளையும் கூப்பினார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். செருப்பைக் கழற்றினார்.

அடுத்த நொடி ஒரு காலில் நின்றார். பிறகு மற்றொரு காலில் நின்றார்.

"சீக்கிரம் ஊத்துடா வீராசாமி, சுடுதுடா."

மைக்கை அணைக்க மறந்திருந்தார். தாமான் முழுக்கக் கேட்டது. வீராசாமி சிரித்துக்கொண்டே வாளியைக் கவிழ்த்தார். உருமி மறுபடி முழங்கியது, முன்பைவிடப் பலமாக.

கோயிலில் பூசாரி குடத்தை இறக்கி, பவானி கொண்டுவந்த பாலை அம்மன்மேல் ஊற்றினார். பால் வெள்ளையாக வழிந்து இறங்கியது. பவானி கண் கொட்டாமல் பார்த்தாள். மனதில் ஒரு சின்ன முள்கூட இல்லை.

பந்தலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா, மகளின் கால்களைப் பார்த்தார். பிறகு அவள் பின்னால் செருப்பில்லாமல் வந்த பெரியப்பாவின் மஞ்சள் கால்களைப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை.

"யார் வீட்டுல ஊத்தினாங்க?"

"எல்லார் வீட்டுலயும்மா," என்றாள் பவானி.