உயிர் போன பிறகு விழுந்த அடி

தையல்காரரின் இடது கன்னத்தில் நான்கு விரல்களின் தடம் இருந்தது.

பத்து நிமிடத்துக்கு முன்னால் அது இல்லை. வெந்நீரில் பிழிந்த துணியால் அந்த முகத்தை நெற்றியிலிருந்து கழுத்துவரை துடைத்து, கண்களை மூடி, மூக்கில் பஞ்சு வைத்து, வாய் திறந்துகொள்ளாமல் இருக்கத் தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டதெல்லாம் சிஸ்டர்தான். இரவு ஒன்று பத்துக்கு அடங்கிய உயிர். நுரையீரல் நோய், மூன்று வாரப் படுக்கை, கடைசியில் யாருக்கும் தொந்தரவு தராமல் தூக்கத்திலேயே போய்விட்ட மனிதர். பினாயில் நெடியும் பழைய வியர்வையும் கலந்து கிடந்த அந்த எட்டுப் படுக்கை வார்டில், பச்சைத் திரைக்குப் பின்னால், தலைக்கு மேல் குழல்விளக்கு ரீங்கரித்துக்கொண்டிருக்க, அவள் குனிந்து அந்தத் தடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். உடம்பெல்லாம் ஆறிக்கொண்டிருந்தது. அந்த நான்கு கோடுகள் மட்டும் சுட்டன.

பதினாறு வருட சர்வீஸ். செத்தவர் உடம்பில் ரத்தம் கீழே இறங்கி முதுகு நீலம் பாரிப்பதை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். ஓடாத ரத்தம் மேலேறி வந்து கன்னத்தில் கன்றிப்போவதை இதுவரை பார்த்ததில்லை.

"அண்ணே, இவர் முகத்துல கை வச்சீங்களா?"

கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார் வார்டு உதவியாளர். சாவு வீட்டிலும் சிரிப்பு மூட்டிவிடக்கூடிய ஆள்.

"காலைப் புடிச்சிட்டு இருக்கறவன் கன்னத்துல எப்படி சிஸ்டர் கை வைப்பேன்? எனக்கென்ன ரப்பர் கையா?"

ஆனால் என்ன ஏது என்று எட்டிப் பார்க்கவில்லை. முடிச்சிலிருந்து கண்ணையே எடுக்கவில்லை.

முதுகைத் துடைக்க இருவரும் உடம்பைப் புரட்டினார்கள். இடுப்புக்கு மேலே, அரைவட்டமாக, ஒரு குதிகால் பதிந்திருந்தது. சிஸ்டர் துணியை வைத்துத் தேய்த்தாள். அழுக்கு இல்லை. தேய்க்கத் தேய்க்க அது கறுத்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஈரத்துணியைக் கல்லில் அடித்தது போல, தொம்மென்று, ஆனால் வெளியிலிருந்து அல்ல, அவள் கை வைத்திருந்த முதுகுக்குள்ளிருந்து. ஒரு விலா எலும்பு அவள் உள்ளங்கைக்குக் கீழேயே உள்வாங்கியது.

மூக்கில் வைத்த பஞ்சு சிவந்தது.

"டாக்டரைக் கூப்பிடுங்க அண்ணே."

அவர் ஏற்கெனவே திரைக்கு வெளியே போயிருந்தார்.

டியூட்டி டாக்டர் சின்னப் பெண். இரண்டு நாளாக வீட்டுக்குப் போகவில்லை, கண்ணெல்லாம் கோவைப்பழம். டார்ச் அடித்துப் பார்த்தாள். இரண்டு விரலை வைத்துக் கழுத்தில் நாடி பார்த்தாள்.

"ஆக்சிஜன் மாஸ்க் பட்டை அழுத்தின தடமா இருக்கும் சிஸ்டர். முதுகுல புண்ணு முன்னாடியே இருந்திருக்கும். நீங்களும் தூங்காம இருக்கீங்க. கொஞ்சம் டீ குடிங்க."

வராந்தா பெஞ்சில் தையல்காரரின் மகள் உட்கார்ந்திருந்தாள். சிஸ்டரைப் பார்த்ததும் எழுந்துவந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"எங்கப்பா யாரையும் ஒரு வார்த்தை அதட்டினதில்ல சிஸ்டர். தச்ச துணி சரியில்லன்னு எவனாவது திட்டினாக்கூட சிரிச்சிட்டே திருப்பி வாங்கிக்குவாரு. நிம்மதியாத்தானே போனாரு?"

"நிம்மதியாத்தான் போனாரும்மா," என்றாள் சிஸ்டர்.

திரும்பி வந்து திரையை விலக்கினாள். பக்கவாட்டில் அவள் நீட்டி வைத்த கைகள் இப்போது முகத்துக்குக் குறுக்கே மறைப்பாகக் கிடந்தன. அடி விழும் என்று தெரிந்த ஆள் மறைத்துக்கொள்வது போல. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலது கையின் சுண்டுவிரல் மெல்லப் பின்னால் வளைந்தது. வளைந்தது. ஒடிந்தது. அடுத்த விரல். அதற்கடுத்தது. அவசரமே இல்லாமல், யாரோ உட்கார்ந்து நிதானமாகச் செய்கிற வேலை.

வாயைக் கட்டியிருந்தது அவள் போட்ட முடிச்சு. அதனால் அவரால் கத்த முடியவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

தள்ளுவண்டி வந்தது. போர்த்திய வெள்ளைத் துணி நடையின் கோடிவரை திடுக்குத் திடுக்கென்று துள்ளிக்கொண்டே போனது. பிணவறையில் விட்டுவிட்டு வந்த உதவியாளரை அவள் லிஃப்ட் வாசலில் மறித்தாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும். இல்லையா?"

அவர் முகத்தில் வேடிக்கை எதுவும் மிச்சமில்லை.

"அங்க ராத்திரி டியூட்டி பாக்கறவங்க எல்லாருக்கும் தெரியும் சிஸ்டர். ஐஸ் பெட்டிக்குள்ள வச்சு மூடினதும் ஆரம்பிச்சிடும். காலையில நல்லா துணி சுத்தி, முகம் மட்டும் தெரியற மாதிரி குடுப்போம். முகமும் சரியில்லன்னா மூடியே குடுத்திருவோம். முன்னெல்லாம் அங்கதான் நடக்கும். இப்பதான் வார்டுலயே..."

"கெட்டவங்களுக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்."

"குழந்தைங்களுக்குமா?"

அவர் லிஃப்ட் பொத்தானை அமுக்கினார். திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டே இருந்தார்.

வார்டில் எட்டாம் படுக்கையில் கிடந்தது அவளுடைய மாமியார். இதயம் கால்வாசிதான் வேலை செய்தது. பக்கத்திலேயே இருக்கலாம் என்றுதான் இந்த மாதம் முழுக்க இரவு டியூட்டியைக் கேட்டு வாங்கியிருந்தாள். கல்யாணமான புதிதில் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். பிறகு எப்போது ஒட்டிக்கொண்டார்கள் என்று இருவருக்கும் தெரியாது. மூச்சு நின்றால் மாரை அழுத்தி எழுப்ப வேண்டாம் என்று அவள் கணவன் கையெழுத்துப் போட்டிருந்தான். போடச் சொன்னதே அவள்தான். "விலா எலும்பெல்லாம் உடையும். அத்தைக்கு அது வேண்டாம். அமைதியா போகட்டும்," என்று.

மாமியார் விழித்திருந்தார்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? ஒரு வாய் தண்ணி குடு."

அவள் ஸ்பூனில் கொடுத்தாள். பாதி வழிந்தது.

"மாத்திரை போட்டீங்களா அத்தை? மூச்சு எப்படி இருக்கு? வலிக்குதா?"

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல. போதும்னு இருக்கு. போய்ச் சேர்ந்த உன் மாமா வேற கூப்பிட்டுட்டே இருக்காரு." மாமியார் காதைச் சாய்த்துக் கேட்டார். புருவம் சுருங்கியது. "கூப்பிடுற மாதிரி இல்லடி. கத்துறாரு. அந்த மனுஷன் வாழ்நாள்ல கத்தினதே இல்லையே. யாருடி அவரப் போட்டு..."

வாக்கியம் முடியவில்லை.

மானிட்டரில் கோடு தாறுமாறாக நெளிந்தது. படுத்தது.

சிஸ்டர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தலையணையை உருவி எறிந்தாள். கட்டில் மேல் முட்டி போட்டு ஏறினாள். கைமேல் கை வைத்து அழுத்தினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் சுள்ளி ஒடிவது போல ஒரு விலா போனது. ஏழாவதில் இன்னொன்று. நிறுத்தவில்லை.

"சிஸ்டர்! என்ன பண்றீங்க?" டாக்டர் ஓடிவந்தாள். "வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. விடுங்க!"

தோளைப் பிடித்த கையைச் சிஸ்டர் முழங்கையால் இடித்துத் தள்ளினாள். டாக்டரின் உதடு கிழிந்து ரத்தம் வெள்ளை அங்கியில் சொட்டியது.

"போக விடமாட்டேன். அங்க போகக் கூடாது."

வராந்தாவில் தூங்கிக்கொண்டிருந்த அவள் கணவன் செருப்பில்லாமல் ஓடிவந்தான்.

"உனக்கென்ன பைத்தியமா? நீதானே வேணாம்னு சொன்னே? அம்மாவ விடு! எலும்ப உடைக்கிறியே, விடுடி!"

அவன் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தான். அவள் அவன் கையைக் கடித்தாள். அவன் விடவில்லை. இருவருமாகத் தரையில் விழுந்தார்கள். மருந்துத் தட்டு கவிழ்ந்து கண்ணாடி நொறுங்கியது.

பிறகு அமைதி.

மானிட்டரின் ஒற்றை ஓலம் மட்டும்.

பளார்.

கட்டில் அருகே யாருமில்லை. மாமியாரின் தலை மட்டும் வலப்பக்கம் திரும்பி விழுந்தது. கன்னத்தில் நான்கு கோடுகள் எழும்பின. கணவன் வாயைத் திறந்தபடி பார்த்தான்.

பளார். இந்தப் பக்கம். ஒரு பல் தெறித்துத் தரையில் உருண்டது.

"அம்மா!"

அவன் பாய்ந்து தாயின் மேல் கவிழ்ந்தான். இரண்டு கைகளாலும் போர்த்திக்கொண்டான். அடி அவன் முதுகில் விழவில்லை. அவனுக்குக் கீழே இருந்தவர் மேல் விழுந்தது. தொம். தொம். அவன் மாருக்கு அடியிலேயே அம்மாவின் மார் குழிந்து குழிந்து போனது. அவன் ஊளையிட்டான்.

"தள்ளுங்க!" என்றாள் சிஸ்டர். "தள்ளுங்க, நான் அழுத்தறேன்."

அவன் விலகினான்.

அவள் ஏறினாள். அழுத்தினாள். அழுத்தியதும் அடி நின்றது. நெஞ்சில் உடைய இனி எதுவும் இல்லை; கைகள் ஈர மணலில் புதைவது போலப் புதைந்தன. ஒவ்வொரு அழுத்துக்கும் நுரையீரலிலிருந்து காற்று பிதுங்கி, தொண்டை வழியாகக் குரலாக வெளியே வந்தது.

"அடிக்..."

அழுத்து.

"...காதீங்க."

அழுத்து.

மகனையும் மருமகளையும் மாமியார் ஒருநாளும் 'நீங்க' என்று கூப்பிட்டதில்லை.

ஜன்னலுக்கு வெளியே விடியத் தொடங்கியது. அவள் கைகள் மரத்துப்போனபோது கணவன் ஏறினான். அவன் தளர்ந்தபோது, உதட்டில் ரத்தம் உறைந்திருக்க, டாக்டர் ஏறினாள். மற்றப் படுக்கைகளில் நோயாளிகள் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். ஆள் மாறுகிற அந்த ஒரு நொடிக்குள் ஒவ்வொரு முறையும் ஓர் அடி விழுந்தது. பிறகு மீண்டும், மூன்று ஜோடிக் கைகளில் ஏதோ ஒரு ஜோடிக்குக் கீழே, கண் மூடாத அந்த முகம் யாரையோ அண்ணாந்து பார்த்துக் கெஞ்சியது.

"அடிக்... காதீங்க. அடிக்... காதீங்க. எத்தன... பேரு... வருவீங்க..."